முள்ளங்கி வறுவல்: தண்ணீர் விடாமல், குழையாமல், ஓரம் சிவக்க வறுப்பது எப்படி?

புதுக்கரண்டி

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளை முள்ளங்கியில் வறுவல் செய்வது பற்றிச் சில சந்தேகங்கள். சாம்பாரும், தேங்காய் போட்ட பொரியலும் பிரச்சினை இல்லை. நான் கேட்பது வறுவல். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும், ஓரம் சிவந்திருக்க வேண்டும், வத்தக்குழம்பு சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளத் தோதாக இருக்க வேண்டும்.

மூன்று பேருக்கு அரைக் கிலோ காய். ஓர் இரும்புக் கடாய், ஒரு தோசைக்கல், ஒரு நான்ஸ்டிக் வாணலி இருக்கின்றன. வெங்காயத்தோடு சேர்த்து வதக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் கடாய் முழுக்கத் தண்ணீர். அது சுண்டும் வரை விட்டால் காய் குழைந்துவிடுகிறது, மசாலா அடியில் பிடித்துக் கசக்கிறது. வீடு முழுக்க முள்ளங்கி வாடை வேறு.

எந்தக் கனத்தில் நறுக்க வேண்டும்? உப்பு எப்போது போடுவது? மூடலாமா, கூடாதா? முன்கூட்டியே வேகவைக்க வேண்டுமா? வாடையைக் குறைக்க வழி உண்டா? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புச்சட்டி

உங்கள் கடாயில் காய் வறுபடவில்லை, புழுங்குகிறது. முள்ளங்கியில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு தண்ணீர். உருளைக்கிழங்கில் மாவுச்சத்து இருப்பதால் மேல்பக்கம் பொருக்குத் தட்டி மொறுமொறுவென்று ஆகும். முள்ளங்கியில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கொஞ்சம் நாரும், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சர்க்கரையும்தான் மிச்சம். சிவப்பு நிறத்துக்குப் பெரிதும் காரணம் அந்தச் சர்க்கரை. ஆனால் துண்டின் மேல் ஈரம் இருக்கும் வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே முதலில் தண்ணீரை விரட்ட வேண்டும், பிறகு சிவக்க விட வேண்டும், மசாலா அதற்கும் பிறகு. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் மூன்றும் கெடும்.

தண்ணீரை விரட்டுவது லேசான வேலை இல்லை. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்க ஆகிறது. அரைக் கிலோ முள்ளங்கி ஒழுங்காக வறுபட 200 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் வெளியேற வேண்டும். பெரிய பர்னரும் அகலமான பாத்திரமும் வேண்டும், மூடி கூடாது என்பதெல்லாம் இதனால்தான்.

உங்களிடம் இருப்பதில் தோசைக்கல்லைத்தான் முதலில் எடுப்பேன். குழிவான கடாயில் அடியில் கிடக்கும் துண்டுகள் மட்டும் சூடு வாங்கும். மேலே இருப்பவை கீழிருந்து வரும் ஆவியில் வெந்துகொண்டிருக்கும். தோசைக்கல்லில் எல்லாத் துண்டும் கல்லைத் தொடும், விளிம்பு இல்லாததால் ஆவியும் தேங்காது. கடாய் கடைசித் தாளிப்புக்கு.

நறுக்கும் முன் முழுக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். நறுக்கிய பிறகு கழுவக் கூடாது. தோலை மெல்லிசாகச் சீவி, நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து, முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் அரைவட்டங்களாக நறுக்குங்கள். நுனி மெலிந்த பகுதியை முழு வட்டமாகவும், தலைப்பக்கம் பருத்த பகுதியைக் கால்வட்டமாகவும் நறுக்கினால் துண்டுகள் ஏறத்தாழ ஒரே அளவில் வரும். அரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவக்கும் முன்பே வதங்கித் துவண்டுவிடும். ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டினால் ஓரம் தீயும்போதும் நடு பச்சையாக நிற்கும். நறுக்கியதைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுத்தால் கல்லில் இரண்டு நிமிடம் மிச்சம்.

கல்லை நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டோட வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, பாதிக் காயை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வெட்டுமுகம் கல்லில் படும்படி பரப்புங்கள். தீ அதிகம். நான்கு நிமிடம் கரண்டியே போடாதீர்கள். முதலில் சளசளவென்று ஈரச் சத்தம் கேட்கும். தண்ணீர் குறையக் குறைய அது பொரிகிற சத்தமாக மாறும். மாறியதும் தோசைத்திருப்பியால் புரட்டி மறுபக்கம் மூன்று நிமிடம். தட்டில் பரப்பி எடுத்து வையுங்கள், குவிக்க வேண்டாம். மீதிப் பாதியும் இதே மாதிரி, இன்னொரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோடு.

இனி கடாய். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் அரை டீஸ்பூன் கடுகு, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டு சிட்டிகை பெருங்காயம், ஒரு இணுக்கு கறிவேப்பிலை தாளித்து, வறுத்த துண்டுகளைப் போட்டு நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் புரட்டுங்கள். இப்போதுதான் உப்பு, அரை டீஸ்பூன் தூள் உப்பு போதும். காய் பாதியாகச் சுருங்கிவிடும் என்பதால் பச்சைக் காயின் குவியலைப் பார்த்து உப்புப் போட்டால் கரிக்கும். இரண்டு நிமிடம் கழித்துத் தீயைச் சிம்மில் வைத்து, முக்கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் மல்லித்தூள் மூன்றையும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்து ஊற்றுங்கள். வெறும் தூளாகத் தூவினால் காயில் ஒட்டாதது எல்லாம் இரும்பில் நேராக விழுந்து தீயும். உங்கள் வறுவலில் வந்த கசப்பு பெரும்பாலும் இந்தத் தீய்ந்த தூளிலிருந்துதான். ஒரு நிமிடம் புரட்டி, ஒரு டீஸ்பூன் அரிசிமாவைத் தூவி, இன்னொரு நிமிடம் புரட்டி இறக்குங்கள். மிச்சமிருக்கும் ஈரத்தை மாவு இழுத்துக்கொண்டு மேலே மெல்லிய மொறுமொறுப்பாகப் படியும்.

மூடி வேண்டாம். துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமாகப் போயிருந்தால் மட்டும், புரட்டியதும் இரண்டு நிமிடம் மூடித் திறந்துவிடலாம். திறக்கும்போது மூடியின் உள்பக்கத்து நீர் காயில் சொட்டாமல் பக்கவாட்டில் எடுங்கள்.

வெங்காயம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாக வதக்கிக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். அதுவும் தண்ணீர் விடும் காய்.

கறிப்பொடி

தோசைக்கல் யோசனை அருமை. உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

உப்பைக் கடைசியில் போடுவது இளம் முள்ளங்கிக்குச் சரி. கடையில் கிடைப்பது பாதி நாள் முற்றிய, காரம் ஏறிய காய். அதற்கு உப்பை முதலிலேயே போட்டுப் பிழிவதுதான் நல்லது. அரைக் கிலோ நறுக்கிய காய்க்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு போட்டுப் பிசிறி, வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். பிறகு இரு கைக்குள் வைத்து அழுத்துங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டு உடையும். துணியில் ஒற்றி எடுத்தால் கல்லில் போடும் முன்பே கணிசமான நீர் போய்விடும். காரமும் அந்த நீரோடு போகிறது. மேற்கொண்டு உப்பு வேண்டாம். இறக்கும் முன் ஒரு துண்டு ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம், குழம்புக்குப் பருப்பு வேகும்போது ஊற்றலாம். அதில் உப்பு இருப்பதை மறந்து குழம்பில் மறுபடி போடாமல் இருந்தால் சரி.

அடுத்தது பொடி. மிளகாய்த்தூள் மல்லித்தூளுக்குப் பதில் வறுத்து அரைத்த கறிப்பொடி போட்டுப் பாருங்கள், முள்ளங்கிக்கு அதற்கு ஈடு இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, இரண்டு டீஸ்பூன் தனியா, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம். கால் டீஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் கடலைப்பருப்பை முதலில் போட்டு, அது பொன்னிறத்துக்குத் திரும்பும்போது மற்றவற்றைச் சேர்த்து வறுங்கள். நன்றாக ஆறிய பிறகு ரவை பதத்துக்குப் பொடியுங்கள். நைசாக அரைத்தால் காயில் பசை மாதிரி ஒட்டும். கொரகொரப்பாக இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும். அரைக் கிலோ காய்க்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பொடி. ஏற்கெனவே வறுபட்ட பொடி என்பதால் அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் தூவினால் போதும். இதைப் போட்டால் அரிசிமாவு தேவையில்லை.

பூண்டு சோம்பு பிடிக்கும் வீடுகளில், நான்கு பல் பூண்டையும் அரை டீஸ்பூன் சோம்பையும் ஒன்றிரண்டாக இடித்து, மசாலா போடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் சேர்க்கலாம். ரசம் சாதத்துக்கு நன்றாக இருக்கும். வத்தக்குழம்புக்கு முந்தைய பொடிதான் ஒத்துப்போகும்.

இரும்புச்சட்டி

முற்றிய காய்க்குப் பிழிவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா முள்ளங்கிக்கும் அதைப் பழக்கமாக்க வேண்டாம். பிழியும்போது காரத்தோடு சர்க்கரையும் போகிறது. நிறம் ஏறுவதற்கு இருப்பதே அந்தக் கொஞ்சம்தான். பிழிந்த காய் சீக்கிரம் காய்ந்துவிடும்; சிவப்பு மட்டும் மங்கலாக வரும், சற்று நார் கடிபடும். பிழிந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையில், கல்லில் புரட்டும்போது கால் டீஸ்பூன் பொடித்த வெல்லமோ சர்க்கரையோ தூவினால் நிறத்தை மீட்கலாம். இனிப்பாகத் தெரியாது.

எந்தக் காய்க்கு எது என்று அறிய, நடுவிலிருந்து ஒரு சீவலை எடுத்துப் பச்சையாக மென்று பாருங்கள். நாக்கு எரிந்தால் உப்பிட்டுப் பிழியுங்கள். இனித்தால் நேராகக் கல்லுக்கு.

காய்த்தோட்டம்

வறுவல் நன்றாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இரண்டு பேரும் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் காயைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரே நீளமுள்ள இரண்டு முள்ளங்கியைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். இலேசாக இருந்தால் உள்ளே நெட்டி விழுந்து வெள்ளையாகப் பஞ்சு பாய்ந்திருக்கும். அப்படிப்பட்ட துண்டு எண்ணெயைக் குடிக்கும், எவ்வளவு வறுத்தாலும் வாயில் சக்கை. விரலால் சுண்டினால் இறுக்கமான சத்தம் வர வேண்டும், பொத்தென்று கேட்கக் கூடாது. நகத்தால் தோலை இலேசாகக் கீறினால் நீர் கசிய வேண்டும். இலைக் காம்பு நடுவிலிருந்து தண்டு கிளம்பியிருந்தால் அந்தச் செடி பூக்கப் போகிறது என்று பொருள். கிழங்கில் இருந்த சர்க்கரையும் நீரும் தண்டுக்குப் போய்விட்டிருக்கும். அதை எடுக்காதீர்கள். வறுவலுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள நடுத்தரக் காய் போதும். முழங்கை நீளத்துப் பருமனான காய் சாம்பாருக்குப் போகட்டும்.

காரம் ஏறுவதற்கு முக்கியமான காரணம் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும். மார்கழி, தை மாதங்களில் வரும் காய் மென்மையாக, சற்று இனிப்பாக இருக்கும். சித்திரை வைகாசிக் காய் எரியும். கோடையில் விதைப்பதற்கென்றே புது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா சேத்கி ரகம் இருக்கிறது, 40 முதல் 45 நாளில் அறுவடைக்கு வரும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா நிஷாந்த் ரகம் எளிதில் நெட்டி விழாது. மாடித்தோட்டத்தில் போடுகிறவர்கள் எந்த ரகமானாலும் குறித்த நாளில் பிடுங்கிவிட வேண்டும். பெரிதாகட்டும் என்று பத்து நாள் விட்டால் நாரும் நெட்டியும்தான் கூடும்.

வாடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு முள்ளங்கியில் நெடியே கிடையாது. அதன் உயிரணுக்களில் கந்தகம் உள்ள ஒரு சேர்மமும், அதைப் பிரிக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டும்போதோ துருவும்போதோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காரமான ஐசோதயோசயனேட் உருவாகிறது. அதனால் துருவிய முள்ளங்கி நறுக்கியதைவிட எரியும். தோலை ஒட்டிய பகுதியில் இது அதிகம். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடும். அடுப்பில் கல் காயும்போதே நறுக்கி உடனே போட்டால் நெடி உருவாக நேரமே இருக்காது. காலையில் நறுக்கி டப்பாவில் மூடி வைத்து மதியம் வறுத்தால், டப்பாவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கனத்த வாடை வேறு விஷயம். முள்ளங்கி, முட்டைக்கோஸ் போன்ற காய்களை மூடி வைத்து நெடுநேரம் புழுக்கும்போது கந்தகச் சேர்மங்கள் மேலும் சிதைந்து அந்த வாடையைக் கிளப்புகின்றன. இரும்புச்சட்டி சொன்னபடி திறந்து, தீ அதிகமாக வைத்து, சீக்கிரம் முடித்தால் அது பெருமளவு குறையும். சன்னலைத் திறந்து வையுங்கள். பெருங்காயத்தைக் கூட்டி வாடையை அமுக்கப் பார்க்க வேண்டாம், இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

வாங்கி வந்ததும் இலையைத் தலையோடு வெட்டிப் பிரித்துவிடுங்கள். இலை கிழங்கிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் கிழங்கு ரப்பர் போல வளையும். கிழங்கை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்த்தட்டில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. கிழங்கு தளர்ந்துபோயிருந்தால் நறுக்காமல் முழுதாகக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டுத் துடைத்து எடுக்கலாம், ஓரளவு மீளும்.

அந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள். பொடியாக அரிந்து, ஊறிய பாசிப்பருப்போடு வதக்கினால் தனியாக ஒரு பொரியல். வறுவலுடனேயே சேர்க்க விரும்பினால், பிஞ்சு இலை ஒரு கைப்பிடியை ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக அரிந்து, தாளிப்பில் கறிவேப்பிலைக்கு அடுத்துப் போட்டு மொறுமொறுப்பாகும் வரை வறுங்கள். முற்றிய இலையில் சுணை இருக்கும், அது இதற்கு ஆகாது.

குளிர்நாடு

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இதையும் சேர்க்கிறேன். அங்கே எளிதாகக் கிடைப்பது கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய சிவப்பு முள்ளங்கி. ஓவனில் அது வெள்ளை முள்ளங்கியைவிட நன்றாக வறுபடும். சிறியது என்பதால் தோலோடு இரண்டாக வெட்டினால் போதும், ஒரு வெட்டுமுகமும் சுற்றிலும் தோலுமாக இருப்பதால் தண்ணீர் மெதுவாக வெளியேறும், உள்ளே சாறு தங்கும்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள், காற்று சுழலும் வகை என்றால் 200. தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த தட்டில் வைத்தால் அது சூடாகும் வரை காய் நீர் விட்டுக்கொண்டிருக்கும். 450 கிராம் முள்ளங்கியைத் துடைத்து இரண்டாக வெட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் கால் டீஸ்பூன் மிளகுத்தூளும் பிசிறி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடம் வேண்டும், இடம் போதாவிட்டால் இரண்டு தட்டு. 15 நிமிடத்தில் புரட்டி, இன்னும் 10 நிமிடம். கத்தி முனை எளிதாக இறங்கி, வெட்டுமுகம் தேன் நிறத்துக்கு வந்திருந்தால் எடுத்துவிடலாம். உப்பு தட்டு வெளியே வந்த பிறகு. கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாயைத் தனியாகத் தாளித்து மேலே கொட்டிப் புரட்டினால் சாதத்துக்கு ஏற்ற வறுவல் ஆகிவிடும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் 25 நிமிடம் ஓவனில் தாங்காது, கறுத்துவிடும்.

சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகும். அந்த நிறமி நீரில் கரைவது, சூட்டிலும் சிதையும், ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச்சாறு விட்டால் மிச்சமிருக்கும் நிறம் பளிச்சென்று தெரியும், ருசிக்கும் நல்லது.

ஏர் ஃப்ரையரில் 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், பாதியில் ஒருமுறை குலுக்க வேண்டும். ஒரு கூடைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம். வெள்ளை முள்ளங்கி என்றால் இதில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் விரல் துண்டுகளாக நறுக்குங்கள். மெல்லிய அரைவட்டம் காற்றில் காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும்.

புதுக்கரண்டி

மிக்க நன்றி. கல்லில் வறுத்துக் கடாயில் முடிப்பது தெளிவாகப் புரிந்தது. பச்சையாக ஒரு சீவல் மென்று பார்த்து முடிவு செய்வதும் எளிதாக இருக்கிறது.

இரண்டு கேள்வி பாக்கி. காயை முதலில் வேகவைத்துவிட்டு வறுக்கலாம் என்று பல குறிப்புகளில் இருக்கிறதே, அது தேவையா? வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது 2 கிலோ செய்ய வேண்டும் என்றால் தோசைக்கல்லில் எத்தனை ஈடு போடுவது? இதைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டில் கட்டிக் கொடுக்கலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

மதியச்சாப்பாடு

அரைக் கிலோவுக்கு வேகவைப்பது தேவையில்லை. 2 கிலோவுக்குத் தேவை, ஆனால் அரைவேக்காடு மட்டும்.

குக்கரைத் தொடாதீர்கள். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரிக்குப் போகும். ஒரு விசிலிலேயே துண்டைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்துவிடும். கல்லில் போட்டதும் மசியல்தான். பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிய காயை அரைக் கிலோ வீதம் போட்டு, மீண்டும் கொதி வந்ததிலிருந்து இரண்டு நிமிடத்தில் அரிகரண்டியால் அள்ளி எடுங்கள். 2 கிலோவையும் ஒரே தடவையாகக் கொட்டினால் தண்ணீர் ஆறிவிடும், மறுபடி கொதிப்பதற்குள் காய் ஊறிப்போகும். துண்டு ஓரத்தில் கண்ணாடி போலத் தெரிந்து, நடுவில் இன்னும் வெள்ளையாக இருக்கும் பதம்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். வடித்த காயைக் குவித்து வைக்காமல், அகலமான தட்டுகளில் துணி விரித்து ஒற்றை வரிசையாகப் பரப்பிக் காற்றாடியின் கீழ் 15 நிமிடம் விடுங்கள். சூட்டோடு இருக்கும்போது மேலே உள்ள ஈரம் தானாகவே ஆவியாகிவிடும். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்த நிலைக்கு வந்த காய் கல்லில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடத்தில் சிவக்கும். 30 சென்டிமீட்டர் கல் என்றால் 2 கிலோவுக்கு ஆறு, ஏழு ஈடு ஆகும். கல்லோடு நான்ஸ்டிக் வாணலியையும் பக்கத்து அடுப்பில் வைத்துக்கொண்டால் நேரம் பாதி. அதை மட்டும் நடுத்தரத் தீயில் வையுங்கள், காலியாக அதிகத் தீயில் காயவிடக் கூடாது. நிறம் சற்றுக் குறைவாக வரும், கலக்கும்போது தெரியாது.

கல்லில் வறுப்பது வரை விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துத் தட்டில் பரப்பி வைக்கலாம். மூட வேண்டாம், வலைமூடி போதும். சாப்பிட உட்காரும் நேரத்தில் தாளித்து, பொடி தூவி, நான்கு நிமிடம் புரட்டினால் புதிதாக இருக்கும். வேகவைத்த நீரில் உப்பு இருந்ததால் கடைசியில் ஒரு டீஸ்பூனில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். 2 கிலோ என்பதால் மிளகாய்த்தூளையும் நான்கு மடங்காக்க வேண்டாம், இரண்டரை டீஸ்பூன் போதும். பெரிய அளவில் எண்ணெய் அந்த விகிதத்துக்குக் கூடாததால் காரம் தூக்கலாகத் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டலாம், ஆனால் அதற்கு வேலை கொஞ்சம் கூடுதல். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே நீராகி வறுவல் துவண்டுவிடும், திறந்ததும் வாடையும் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் நம் பிள்ளை அந்தக் காயை மறுபடி தொடாது. ஆகவே உப்பிட்டுப் பிழிந்த காயாக எடுத்து, கறிப்பொடி அரை டேபிள்ஸ்பூன் கூடுதலாகப் போட்டு, தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆறவிட்டு, டப்பாவின் அடியில் சின்னத் துணித்துண்டு மடித்து வைத்து அதன் மேல் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காதீர்கள். தயிர் சாதத்தோடு ஒரே டப்பாவில் வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும், தனி டப்பா.

கறிப்பொடி

வாயுத் தொந்தரவு உள்ள பெரியவர்கள் விருந்தில் இருந்தால் தாளிப்பில் உளுத்தம்பருப்பைக் குறைத்து, கால் டீஸ்பூன் ஓமத்தைக் கையில் கசக்கிப் போடுங்கள். வடக்கே முள்ளங்கிப் பரோட்டாவுக்குள் ஓமம் வைப்பது வழக்கம், இரண்டும் ருசியில் நன்றாக இணையும். கால் டீஸ்பூனைத் தாண்டினால் மருந்து வாசனை வந்துவிடும்.

2 கிலோவுக்குப் பொடி அளவு கேட்பீர்கள்: மேலே சொன்ன சாமான்களை மூன்று மடங்காக வறுத்துப் பொடித்து ஏழு டேபிள்ஸ்பூன் போடுங்கள். மிஞ்சினால் காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு வாரம் வாசனை குறையாமல் இருக்கும், கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் ஆகும். விருந்தன்று குழம்பில் முள்ளங்கி வேண்டாம். வறுவல் இருக்கும் இலைக்கு மிளகு ரசமும் மணத்தக்காளி வத்தக்குழம்பும் வையுங்கள்.